ஒன்பது மணி நாடகம்

(முன்னாள் மாணவியர் சந்திப்பு விழாவில், "தொலைக்காட்சித் தொடர்கள்: பிடித்ததும் ஏமாற்றியதும்" என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இதே மரத்தடியில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு என்னோடு புளியங்காய் தின்ற தோழியரே, இன்று இங்கே படித்துக்கொண்டிருக்கும் அன்புத் தங்கைகளே!

எனக்கு முன்னால் பேசியவர்கள் பெண்கல்வி, சுயதொழில், உடல்நலம் என்று கனமான தலைப்புகளில் பேசி அமர்ந்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் டி.வி. சீரியல் என்று கொடுத்துவிட்டார்கள். அழைப்பிதழைப் பார்த்ததும் என் மகன் சிரித்தான். "ஏம்மா, முப்பது வருசம் வேலை பாத்த உங்களுக்கு இதுதானா கெடச்சுது?" என்றான். எனக்கும் முதலில் கொஞ்சம் வருத்தம்தான். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். பெண்கல்வியைப் பற்றிப் பேச நாட்டில் ஆள் நிறைய இருக்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் நம் வீட்டுப் பெண்கள் என்ன பார்க்கிறார்கள், ஏன் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றி மரியாதையாகப் பேச ஆள் இல்லை. ஆகவே சம்மதித்தேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. தினமும் சீரியல் பார்க்கிறவர்கள் கை தூக்குங்கள். சரி, எண்ணிப் பத்துக் கை. இப்போது, சீரியல் பார்க்கிற அம்மாவோ, மாமியாரோ, அப்பத்தாவோ வீட்டில் இருக்கிறவர்கள் கை தூக்குங்கள். அடேயப்பா, மண்டபமே தூக்கிவிட்டது! (சிரிப்பு) ஆக, நாம் யாரும் பார்ப்பதில்லை. தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் போகும்போது கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். ஆனால் கதை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை தெரியும்.

இந்த வெட்கம் நம் ஊருக்குப் பொருந்தாது. பள்ளத்தூர் நாடகம் வளர்ந்த ஊர். மனோரமா சிறுமியாக அம்மாவோடு வந்து வளர்ந்தது இங்கேதான். இங்கேதான் மேடை ஏறி, "பள்ளத்தூர் பாப்பா" என்று பெயர் வாங்கினார். பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து, 2015-ல் மறையும் வரை உலகத் தமிழர்களுக்கெல்லாம் "ஆச்சி" ஆக இருந்தார். நம் ஊர்ப் பெண்கள் இன்றைக்கும் சீரியல் என்று சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா? "நாடகம் ஓடுது" என்றுதான் சொல்வார்கள். மேடையில் நடந்தாலும் நாடகம், பெட்டிக்குள் நடந்தாலும் நாடகம்.

நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்தது 1988-ல். அந்த வருடம் அக்டோபர் 2-ஆம் தேதி தூர்தர்ஷனில் பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரதம்' தொடங்கியது. எங்கள் வீட்டில் டி.வி. கிடையாது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். தம்பி தங்கைகளோடு ஆறு பேர் அந்தச் சம்பளத்தில் சாப்பிட வேண்டும். எதிர்வீட்டு ஆச்சி வீட்டில் இருந்தது. மாடிக்கு மேலே கம்பம் நட்டு, ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி, பூஸ்டர் மாட்டியிருப்பார்கள். காற்று அடித்தால் அர்ச்சுனன் இரண்டாகத் தெரிவான். ஒரு பையன் மேலே போய்க் கம்பத்தைத் திருப்புவான். கீழேயிருந்து "ஆங், தெரியுது, தெரியுது, விட்ரு!" என்று கத்துவோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெரிய வீட்டின் வளவில் தெருவே உட்கார்ந்திருக்கும். ஆச்சியும் வீட்டு ஆட்களும் தூண் ஓரமாகப் பாயில். நாங்கள் எதிரில் தரையில். வேலைக்கு வருகிறவர்கள் இன்னும் தள்ளி முகப்புப் பக்கம் நின்றபடி. யார் எங்கே உட்காருவது என்று யாரும் சொன்னதில்லை. யாரும் மாறி உட்கார்ந்ததும் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தொடர் முழுக்க இந்தி. தெருவில் யாருக்கும் இந்தி தெரியாது. ஆச்சியின் அண்ணன் ஒருவர் பர்மாவில் கடைப் பொறுப்பில் இருந்து திரும்பியவர். அங்கே பழகிய அரைகுறை இந்துஸ்தானியை வைத்துக்கொண்டு அவர்தான் எங்களுக்கு விளக்கம் சொல்வார். பாதி அவராகக் கட்டிச் சொன்னது என்று இப்போது புரிகிறது. ஆனால் திரௌபதி சபையில் நின்று கேள்வி கேட்ட அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேவைப்படவில்லை. தன்னைத் தோற்றவர், என்னை வைத்து ஆட ஏது உரிமை என்று அவள் கேட்பது எந்த மொழியில் இருந்தால் என்ன? வளவில் ஒரு சத்தம் இல்லை. ஆச்சி மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தனை பெரிய மனுசனும் வாயை மூடிக்கிட்டு இருக்கான் பாரு" என்றார்கள்.

இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்ததற்கு அதுதான் அடிப்படை. பெரிய மனிதர்கள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு மகாபாரதத்தில் காரணம் இருக்கிறது. பீஷ்மருக்குச் சோறு போட்ட கடன், தருமனுக்குச் சொல்லின் கட்டு. தப்பான காரணமாக இருக்கலாம், ஆனால் காரணம் இருக்கிறது. அந்தத் தொடர் 94 பகுதிகள் ஓடி, 1990-ல் முடிந்தது. முடிந்தது என்பதையும் கவனியுங்கள்.

இனி எனக்குப் பிடித்த தொடர்களைச் சொல்கிறேன். 1990-களில் கே. பாலசந்தரின் 'கையளவு மனசு' வந்தது. தன் நாட்கள் எண்ணப்படுகின்றன என்று தெரிந்த ஒரு தாய், தனக்குப் பிறகு பிள்ளைகள் எங்கே வளர்வார்கள் என்று வீடு தேடுகிற கதை. கீதா நடித்தது. அழ வைத்த தொடர்தான். ஆனால் அந்தத் தாய் அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கவில்லை, வேலை செய்தாள். ஒரு பெண் யோசித்து, முடிவெடுத்து, கால் நோக நடக்கிறாள் என்பதை டி.வி.யில் நான் முதலில் பார்த்தது அதில்தான்.

அப்புறம் 'மர்மதேசம்'. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கியது. அதில் 'விடாது கருப்பு' வந்த காலத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் ராத்திரி பின்கட்டுக்குப் போக ஆள் துணை தேடியது உண்மை. கருப்பர் கோயில் இல்லாத ஊர் உண்டா நம் பக்கம்? சாமியா மனுசனா என்று வாரக்கணக்கில் அலைக்கழித்துவிட்டு, கடைசியில் ஒரு சிறு பையன் மனதில் பட்ட காயத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பயம் போய், பரிதாபம் வந்தது. எழுதியவருக்கு முடிவு முதலிலேயே தெரிந்திருந்தது என்பது பார்க்கிறவர்களுக்கும் புரிந்தது. அவர் 2024-ல் காலமானபோது, அந்தப் பயத்தை நினைத்து நன்றி சொல்லிக்கொண்டேன்.

1999 டிசம்பரில் 'சித்தி' வந்தது. ராதிகாவும் சிவகுமாரும். சித்தி என்றாலே கொடுமைக்காரி என்று கதை சொல்லியே வளர்த்த நாட்டில், சாரதா என்ற ஒரு சித்தியை நல்லவளாக, சம்பாதிக்கிறவளாகக் காட்டினார்கள். நம் ஊர்களில் இரண்டாந்தாரமாகப் போய் வாய் திறக்காமல் வாழ்ந்த எத்தனையோ பேருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2001 நவம்பரில் முடிந்தது. இரண்டு வருடத்துக்குள்.

பிறகு 2002-ல் திருமுருகனின் 'மெட்டி ஒலி'. 811 பகுதிகள். தாயில்லாத ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த ஓர் அப்பா. டெல்லி குமார் நடித்தார். சம்பந்தி வீட்டில் அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் நிற்பார். பார்க்கிற நமக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஏன் பேசவில்லை என்று நமக்குத் தெரியும். இவர் இங்கே ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனால், அந்த வார்த்தைக்கு ராத்திரி வட்டி கட்டப்போவது அவர் பெண். அதனால்தான் 2020 ஊரடங்கில் மறுபடி போட்டபோதும் வீட்டுக்கு வீடு பார்த்தார்கள்.

சரி, ஏமாற்றியது எது? உங்களில் பலருக்குக் கோபம் வரலாம். எனக்கு மிகவும் பிடித்த தொடரும் அதுதான், என்னை மிகவும் ஏமாற்றியதும் அதுதான்: 'கோலங்கள்'.

2003 நவம்பரில் தொடங்கியது. திருச்செல்வம் இயக்கம், தேவயானி அபியாக நடித்தார். புருசன் வீட்டில் மதிப்பில்லை என்று தெரிந்ததும் வெளியே வந்து, கட்டடத் தொழிலில் இறங்கி, ஆண்கள் உலகத்தில் நிமிர்ந்து நின்ற பெண். விவாகரத்து என்ற சொல்லை நம் ஊரில் அப்போது வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், "தனியா இருக்கு" என்று முணுமுணுப்பார்கள். அந்த நேரத்தில் அபி, தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லார் வீட்டுக்கும் தலை நிமிர்ந்து வந்தாள். எங்கள் அலுவலகத்தில் ஒரு தோழி, "அபியால முடியும்னா என்னாலயும் முடியும்" என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டிலிருந்து தனி வீட்டுக்குப் போனாள். இது நான் பார்த்தது.

ஆனால் அந்தத் தொடர் 2009 டிசம்பர் வரை, 1533 பகுதிகள் ஓடியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். விளம்பரத்தோடு சேர்த்து அரை மணி வீதம் 766 மணி நேரத்துக்கு மேல். தினம் ஐந்து மணி நேரம் வகுப்பு என்று வைத்தால் 153 நாள் வகுப்பு! கிட்டத்தட்ட ஒரு வருடப் படிப்பு. அவ்வளவு நேரத்துக்கு எங்கிருந்து கதை கிடைக்கும்? ஆதி துரத்துவான், அபி தப்பிப்பாள். மறுபடி துரத்துவான், மறுபடி தப்பிப்பாள். அத்தனை கெட்டிக்காரி அபி, திடீரென்று சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரிகிற சூழ்ச்சியில் போய் மாட்டுவாள். ஒருத்தர் இன்னொருத்தரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் முடிந்துவிடும். சொல்ல வாயெடுப்பார். உடனே இசை. மூன்று பக்கமிருந்தும் முகத்தைக் காட்டுவார்கள். தொடரும்!

இது ஏன் நடக்கிறது? எழுதுகிறவர்களுக்கு மூளை இல்லாமல் இல்லை. தூர்தர்ஷன் காலத்தில் பெரும்பாலும் 13 வாரம் என்று அளந்து கொடுப்பார்கள். கதையை வெட்டித் தைத்துத்தான் ஆக வேண்டும். தனியார் சேனல் வந்து தினசரித் தொடர் ஆனதும் கணக்கு மாறியது. தயாரிப்பாளர் நேரத்தை வாங்கி, அதில் விளம்பரம் பிடித்துப் பணம் பண்ண வேண்டும். வாரா வாரம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று டி.ஆர்.பி. கணக்கு வரும். நன்றாக ஓடுகிற தொடரை முடிக்க யாருக்கு மனசு வரும்? ஓடுகிற கடையை யார் சாத்துவார்கள்? அதனால் கதை முடிந்த பிறகும் தொடர் ஓடுகிறது. நடிகர் விலகினால் "இவருக்குப் பதில் இவர்" என்று அட்டை போடுகிறார்கள். ஆள் மாறினாலும் கடை திறந்திருக்க வேண்டும்.

ஆக, தோழியரே, நான் கண்டுபிடித்த அளவுகோல் இதுதான். நல்ல தொடரில் ஒருத்தர் பேசாமல் இருந்தால் அதற்கு மனசுக்குள் ஒரு காரணம் இருக்கும். மோசமான தொடரில், நாளைக்கும் ஒரு பகுதி ஓட்ட வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இருக்காது. அழுகை, பழிவாங்கல், விஷம் வைத்த பாயசம் இதெல்லாம் எனக்குப் பெரிய குறை இல்லை. காரணமில்லாத மௌனம்தான் குறை.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அம்மாவோடு சண்டை போட்டுத் தெரிந்துகொண்டேன்.

2002-ல் அப்பா காலமானார். நான் சென்னையில் வேலையில் இருந்தேன். தம்பி தங்கைகள் ஆளுக்கொரு ஊரில். அம்மா பள்ளத்தூர் வீட்டை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டார்கள். நான் ஆபீஸ் விட்டு வந்து, சமைத்து, பிள்ளையைத் தூங்கவைத்து, ஒன்பது மணி சுமாருக்குப் போன் செய்வேன். எனக்குக் கிடைத்த நேரம் அதுதான். அம்மா எடுத்ததுமே, "வேலையா இருக்கேன்த்தா. காலையில பேசேன்" என்பார்கள். பின்னால் அபியின் குரல் கேட்கும். ஒருநாள் இல்லை, இரண்டுநாள் இல்லை. ஒருதடவை எனக்கு உடம்பு சரியில்லாத அன்றைக்கும் அதே பதில். அன்றைக்கு வாய் தவறிவிட்டது. "உங்களுக்குப் பெத்த பொண்ணை விட நாடகம் பெருசாப் போச்சு, இல்ல?" என்று கேட்டு வைத்துவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் பிறகு கூப்பிடவில்லை. ஒரு மாதத்துக்கு மேல். படித்தவள் அல்லவா, ரோசம் அதிகம்.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தேன். முறைத்துக்கொண்டுதான் வந்தேன். ராத்திரி எட்டரை இருக்கும். அம்மா கூடத்தில் பாய் விரித்தார்கள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். கதவு ஓரத்தில் அப்பாவின் சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதில் ஒரு துண்டை விரித்தார்கள். பூக்கட்டுகிற அக்கா நார்க்கட்டோடு வந்து உட்கார்ந்தது. பக்கத்துத் தெரு பால்வாடி டீச்சர் வந்தார். அப்புறம் ஒரு டார்ச் வெளிச்சம் தெருவைக் கடந்து வந்தது. எதிர்வீட்டு ஆச்சி! யாருடைய வளவில் நாங்கள் மகாபாரதம் பார்த்தோமோ, அதே ஆச்சி. எங்கள் சின்னக் கூடத்தில், என் அப்பாவின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள். என்னைப் பார்த்து, "வாத்தா, எப்ப வந்தே?" என்றார்கள்.

ஆச்சி வீட்டில் எங்கள் டி.வி.யை விடப் பெரிய டி.வி. இருந்தது. பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து வாங்கிக் கொடுத்தது.

நாடகம் ஓடியது. ஓடும்போது யாரும் சும்மா இருக்கவில்லை. ஆதியைத் திட்டினார்கள். அபிக்கு யோசனை சொன்னார்கள். விளம்பரம் வந்தால் ஊர்க் கதை. பத்து மணிக்கு மேல் பூக்கார அக்கா ஆச்சியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், அந்தப் பெரிய கதவைத் திறந்து, உள்ளே விளக்கெல்லாம் போட்டுவிட்டு, தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்ட பிறகுதான் தன் வீட்டுக்குப் போனது.

ராத்திரி படுக்கும்போது அம்மாவைக் கேட்டேன். அம்மா மெதுவாகச் சொன்னார்கள்: "வேலைக்கு இருந்த பிள்ளையும் நின்னு போச்சு. அம்புட்டுப் பெரிய வீட்டுல ராத்திரி ஒத்தையில இருக்க ஆச்சிக்குப் பயமா இருக்கு. நம்ம வீட்டுக்கு வந்து படுத்துக்கங்கன்னு சொன்னா வர மாட்டாக. நாடகம் பாக்க வாங்கன்னா வருவாக. அவுகளை நடுவுல உக்கார வச்சுக்கிட்டு, உன்கிட்ட போன்ல இதை எப்படித்தா சொல்றது? ஆச்சி பயந்துக்கிட்டு வந்திருக்காகன்னு அவுக முன்னாடியே சொல்லச் சொல்றியா?"

"காலையில சொல்லியிருக்கலாமே?"

"காலையில நீதான் கூப்பிடவே இல்லையே."

அவ்வளவுதான். எனக்குப் பேச்சே வரவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடுகிற விஷயத்தை ஆறு வருசம் இழுக்கிறார்கள் என்று சீரியலைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான். என் வீட்டில் ஒரு மாதம் இழுத்தது நான்தான். அம்மாவின் மௌனத்துக்குக் காரணம் இருந்தது, ஓர் ஆச்சியின் கௌரவம். என் மௌனத்துக்கு ரோசத்தைத் தவிர ஒரு காரணமும் இல்லை. (ஆச்சி 2016-ல் காலமாகிவிட்டார்கள். பெயர் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.)

அதன் பிறகு நான் எட்டு மணிக்கே கூப்பிட ஆரம்பித்தேன். எட்டரை வரைக்கும் என் கதை, அதன் பிறகு அபி கதை. சண்டை தீர்ந்தது.

2006-க்குப் பிறகு அரசாங்கம் இலவசமாக வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. பூக்கார அக்கா வீட்டுக்கும் வந்தது. நல்ல விஷயம்தான்; முகப்பில் நின்று பார்த்தவர்கள் தங்கள் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து பார்த்தார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் கூடத்தில் ஆள் குறைந்தது. கடைசியில் அம்மாவும் ஆச்சியும் மட்டும்.

2010-ல் 'நாதஸ்வரம்' வந்தது. திருமுருகன் எடுத்தது. காரைக்குடிக் கதை, நாதஸ்வர வித்வான் குடும்பம், மௌலியும் பூவிலங்கு மோகனும் நடித்தார்கள். நம் ஊர்ப்பக்கத்தை தினமும் டி.வி.யில் காட்டினால் பெருமைக்குக் கேட்க வேண்டுமா? அதன் ஆயிரமாவது பகுதியை 2014 மார்ச் 5-ஆம் தேதி, 23 நிமிடம் 25 வினாடி, ஒரே ஷாட்டில் நேரடியாக ஒளிபரப்பிக் கின்னஸ் சாதனை செய்தார்கள். ஒருத்தர் வசனம் மறந்தாலும் நாடே பார்த்துவிடும். மேடை நாடகக்காரர்களின் துணிச்சல் அது. பிடித்த தொடர் பட்டியலில் அந்த ஒரு நாளை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

ஆச்சிக்கு அந்தத் தொடரில் கதையை விட வீடுகள் முக்கியம். "இது இன்னார் வீட்டு நிலை", "இந்தத் தூணு அந்தத் தெருவுல உள்ளது" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்களாம். ஆனால் நம் பக்கத்து வீடுகளில் எடுத்த படம், சீரியல் எதைப் பார்த்தாலும் ஒரு குறை சொல்வார்களாம். "ஒரு வீட்டுல இருவது பேரைக் காட்டுறான். இத்தனை பேரை நான் ஒண்ணாப் பாத்து எத்தனை காலமாச்சு. படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வர்றாக. நான் ஒத்தையில கெடக்கேனே, இதை ஏன் ஒருத்தனும் எடுக்க மாட்டேங்கிறான்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆத்தங்குடிக் கல் தரையும், பர்மாத் தேக்குத் தூணும், கலர்க் கண்ணாடியும் எத்தனையோ படத்தில், எத்தனையோ தொடரில் பார்த்துவிட்டோம். அந்தத் தூணுக்குப் பக்கத்தில் விளக்கை அணைக்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு எழுபது வயதுப் பெண்ணைப் பற்றி, நான் பார்த்தவரை, யாரும் தொடர் எடுக்கவில்லை. இது என்னுடைய பெரிய ஏமாற்றம்.

தங்கைகளே, உங்கள் காலத்துத் தொடருக்கும் வருகிறேன். 2022-ல் திருச்செல்வம் மறுபடி ஒரு தொடர் கொண்டுவந்தார், 'எதிர்நீச்சல்'. படித்த பெண்களைக் கட்டிக்கொண்டு வந்து அடுப்படியில் பூட்டுகிற ஒரு வீடு. அதற்குள்ளிருந்து மருமகள்கள் ஒவ்வொருவராக நிமிர்கிற கதை. பட்டம் வாங்கும் ஒவ்வொரு பெண்ணும் பார்க்க வேண்டிய கதைதான். ஆனால் என்ன நடந்தது? அந்தப் பெண்களின் வசனம் நமக்கு ஞாபகம் இல்லை. அவர்களை அடக்கிய ஆதி குணசேகரன் வசனத்தைத்தான் எல்லாரும் செல்போனில் பரப்பினோம். மாரிமுத்து அவ்வளவு அருமையாக நடித்தார், சந்தேகமில்லை. 2023 செப்டம்பரில் அவர் திடீரென்று மறைந்தபோது வீட்டில் ஒருவர் போன மாதிரி இருந்தது. இருந்தாலும், பெண்ணை மிரட்டுகிற வசனத்துக்கு நாமே ரசிகைகளாகிப் போனோமே, அதைத் தொடரின் குறை என்று தள்ளிவிட முடியாது. அது நம் குறை. 2024 ஜூனில் அந்தத் தொடர் முடிந்தது. டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று மறுபடி ஆரம்பித்தார்கள். ஓடுகிற கடை! (சிரிப்பு)

என் அம்மா இப்போது என்னோடு சென்னையில் இருக்கிறார்கள். காது கொஞ்சம் மந்தம். பேரன் செல்போனில் ஆப் போட்டு, காதில் மாட்டிவிட்டிருக்கிறான். எந்த நேரத்திலும் எந்தத் தொடரையும் பார்க்கலாம். ஒன்பது மணிக்குக் காத்திருக்க வேண்டாம். விளம்பரம்கூட இல்லை. போன மாதம் ஒருநாள் அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்கள்: "இதுல பாத்தா நாடகம் மாதிரியே இல்லத்தா. திட்டுறதுக்குப் பக்கத்துல ஆளு இல்ல."

அன்றிலிருந்து ராத்திரி அரை மணி நேரம் நானும் பக்கத்தில் உட்காருகிறேன். நான் திட்டுவேன், அம்மா அவர்களுக்காக வாதாடுவார்கள். தொடர் ரொம்ப மோசம். அரை மணி நேரம் நன்றாகப் போகிறது.

எனவே இங்கே படிக்கும் தங்கைகளுக்கு இரண்டே வேண்டுகோள். ஒன்று, இந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனால், அம்மா பார்க்கிற நாடகத்தை ஒரு பகுதி, செல்போனைக் கீழே வைத்துவிட்டு, கூட உட்கார்ந்து பாருங்கள். எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை, ஏன் என்று கேளுங்கள். நம் வகுப்பறையில் நாவலைப் பற்றி நாம் பேசுவதற்குக் குறையாத விமரிசனம் அடுப்படியில் இருக்கிறது. இரண்டு, உங்களில் யாராவது நாளைக்கு எழுத்துத் துறைக்கோ டி.வி.க்கோ போனால், ஆச்சி கேட்ட கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று வாரம் போதும். 1533 வேண்டாம்.

தோழியரே, நீங்களும்தான். யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லாமல் பாக்கி வைத்திருந்தால், சாப்பாட்டுக்குப் போகுமுன் போனை எடுத்துச் சொல்லிவிடுங்கள். ஆனால் மணி பார்த்துக் கூப்பிடுங்கள், அங்கே நாடகம் ஓடிக்கொண்டிருக்கலாம்!